நகர மையச் சதுக்கமும் சக்கர நாற்காலியும்: சாய்தளம் போட்டாச்சு, அப்புறமும் ஏன் மாட்டுகிறது?

1. வரைமேசை

சதுக்கம் ஒன்றைப் புதுப்பிக்கும் வரைபடம் பரிசீலனையில் இருக்கிறது. சாலைப் பக்கம் தலா 150 மி.மீ. உயரத்தில் மூன்று படிகள், மொத்தம் 450. பக்கத்திலேயே 1:12 சாய்தளம் (1 உயரம் ஏற 12 நீளம்), நீளம் 5.4 மீட்டர். மேலே 60 மீட்டர் அகலம், சாலையிலிருந்து உள்ளே 40 மீட்டர் ஆழத்துக்குத் திறந்தவெளி. நடுவில் தரையோடு தரையாகப் பீய்ச்சும் நீரூற்று. கல் பெஞ்சுகள், இரண்டு சிறு கடை மாடங்கள், வண்டி நுழையாமலிருக்கத் தடுப்புத் தூண்கள். தரை கிரானைட், ஓரங்களில் பேவர் பிளாக்.

கணக்குப்படி சாய்தளம் சரி. காகிதத்தில் பிடிபடாமல் தரையில் போய் மாட்டும் இடங்கள் எவை? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

2. ரசமட்டம்

முதலில் அந்த 1:12. அதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உச்ச வரம்பு. அமெரிக்கத் தர ஆவணமான ஏ117.1 1961-ல் வந்தபோதே இந்த எண் அதில் இருந்தது, இன்றுவரை பல நாட்டு விதிகளில் அப்படியே தொடர்கிறது. பிரிட்டனின் கட்டட வழிகாட்டி இதைவிட யோசித்து எழுதப்பட்டது. 1:12 என்றால் இடையில் மட்டமான தளம் இல்லாமல் ஒரே ஓட்டம் 2 மீட்டர்தான், 1:15-க்கு 5 மீட்டர், 1:20-க்கு 10 மீட்டர். அந்தக் கணக்கில் உங்கள் 5.4 மீட்டர் 1:12 தேறாது.

ஆளும் நாற்காலியும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 1:12-ல் பின்னோக்கி இழுக்கும் விசை சுமார் 8 கிலோ எடைக்குச் சமம், 1:20-ல் 5 கிலோ. தளம் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் இது குறையாது. ஒவ்வொரு தள்ளலுக்கு நடுவிலும் கையை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அந்த அரை நொடியில் நாற்காலி பின்னால் வரப் பார்க்கும்.

அடுத்தது கட்டுமானப் பிழை. 1:12 என்று வரைந்தால் தளத்தில் எங்காவது ஒரு மீட்டர் 1:10 ஆகியே தீரும். கான்கிரீட்டைத் தேய்க்கும் ஆள் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சரியாகப் பிடித்துவிட்டு நடுவில் தொப்பை விடுவார். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் சராசரி எடுத்தால் தேறும், 600 மி.மீ. மட்டப்பலகை வைத்தால் தேறாது. வரையும்போதே 1:14 போடுங்கள். 1:20 வேண்டுமென்றால் 1:22 போடுங்கள். 450-க்கு 9.9 மீட்டர் வரும்.

3. முன்சக்கரம்

ரசமட்டம் சார் சொன்னது சரி. ஆனால் நாற்காலி சாய்தளத்தில் மாட்டுவதைவிட அதன் இரண்டு முனைகளில் மாட்டுவதுதான் அதிகம்.

கையால் தள்ளும் நாற்காலியின் முன்சக்கரம், அதாவது காஸ்டர், 100 முதல் 150 மி.மீ. விட்டம். மருத்துவமனை வகையில் 200 வரை இருக்கும். பின்சக்கரம் 600. பின்சக்கரம் ஏறிவிடும் தடையில் காஸ்டர் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அதனால்தான் விதி இப்படி: 6 மி.மீ. வரை நேர்விளிம்பு இருக்கலாம், 6-லிருந்து 13 வரை 1:2 என்று செதுக்கிவிட வேண்டும், 13-ஐத் தாண்டினால் அது சாய்தளக் கணக்கு. சாலைக்குப் புதிதாகத் தார் போட்டால் மட்டம் 30, 40 மி.மீ. ஏறிவிடும். நேற்றுவரை சமமாக இருந்த அடிமுனை குழியாகிவிடும். வரைபடத்தில் இது எப்போதும் தெரியாது.

இன்னொன்று அடிமுனையின் எதிர்ச்சாய்வு. சாய்தளம் 1:12-ல் இறங்குகிறது, சாலையோர நீரோட்டப் பள்ளம் எதிர்ப்பக்கம் 1:10-ல் ஏறுகிறது என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு V வடிவம். கால்தாங்கிக்கும் தரைக்கும் இடைவெளி பெரும்பாலும் 50 மி.மீ. சுற்றுத்தான். முன்னால் கால்தாங்கி தரையில் குத்தும், பின்னால் கவிழாமலிருக்க வைத்த குட்டிச் சக்கரங்கள் தரையில் ஊன்றி பின்சக்கரத்தையே தூக்கிவிடும். பள்ளத்தின் எதிர்ச்சாய்வு 1:20-ஐத் தாண்டக் கூடாது.

4. வரைமேசை

> 450-க்கு 9.9 மீட்டர் வரும்

படிக்குப் பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லையே. மடித்துப் போட்டால்?

5. ரசமட்டம்

மடிக்கலாம். திரும்பும் இடத்தில் 1500 × 1500 மி.மீ. மட்டமான தளம் வேண்டும். அங்கேயும் எந்தத் திசையிலும் 1:48-க்கு மேல் வாட்டம் கூடாது. 1:20-ஐவிடச் செங்குத்தானால் இரு பக்கமும் கைப்பிடி, உயரம் 865-லிருந்து 965, மேலும் கீழும் 300 மி.மீ. நீட்டல். அந்த நீட்டல் நடைபாதைக்குள் துருத்தாதபடி திருப்பிவிட வேண்டும், இதை எல்லாரும் மறப்பார்கள். ஓரத்தில் சக்கரம் நழுவாமலிருக்க 100 மி.மீ. விளிம்புக்கட்டை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. படியே எதற்கு?

உங்கள் சதுக்கம் 40 மீட்டர் ஆழம். எப்படியும் மழைநீர் ஓட வாட்டம் கொடுத்தாக வேண்டும். 1:50 வாட்டத்தில் 22.5 மீட்டர் போனாலே 450 மி.மீ. தீர்ந்துவிடும். தரையையே சாலை நோக்கிச் சாய்த்துவிட்டால் படியும் இல்லை, சாய்தளமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. எல்லாரும் ஒரே வாசலில் நுழைவார்கள். சாலை விளிம்பில் குறுக்கே நீண்ட வடிகால் ஒன்று போட வேண்டியிருக்கும். மேல்பக்கக் கட்டடங்களின் வாசல் மட்டமும் நிலத்தடிக் குழாய்களின் ஆழமும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள், தடையென்றால் அவைதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீளத்துக்கு 1:50, அகலத்துக்கும் 1:50 என்று இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்தால் தரையின் உண்மையான சாய்வு மூலைவிட்டத்தில் கிட்டத்தட்ட 1:35. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே போகும் நாற்காலிக்குப் பக்கச்சாய்வும் அதேதான். வரைபடத்தில் இரண்டு அம்புக்குறியும் தனித்தனியாகத் தேறும், தரை தேறாது. சதுக்கத்தில் ஆட்கள் கோடு போட்டா நடக்கிறார்கள்? எந்தத் திசையில் போனாலும் 1:48-க்குள் இருக்க வேண்டும் என்றால், சாய்வு ஒரே திசையில் இருக்கட்டும்.

6. முன்சக்கரம்

பக்கச்சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: நாற்காலியின் எடைமையம் பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் பக்கவாட்டுச் சரிவில் முன்பக்கம் கீழ்நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். நேராகப் போகக் கீழ்ப்பக்கக் கையால் இரட்டிப்பாகத் தள்ள வேண்டும், மேல்பக்கக் கையால் சக்கரத்தைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். 40 மீட்டர் இப்படிப் போவது குட்டையான ஒரு சாய்தளத்தில் ஏறுவதைவிடக் கொடுமை. ஒரு கைக்கு மட்டும் பலம் உள்ளவர் என்றால் முடியவே முடியாது.

7. பேவர்காரன்

தரைப் பக்கம் நான் வருகிறேன்.

கிரானைட்டில் மெருகேற்றியது வேண்டவே வேண்டாம். தீயால் பொரித்தெடுத்த சொரசொரப்பு போதும். நீரூற்றைச் சுற்றி நீர் தெறிக்கும் தூரம் முழுக்க அதே கல்தான். சிலர் நீரூற்றுக்கு மட்டும் உருண்டைக் கல் பதிப்பார்கள், படத்தில் அழகு, காஸ்டர் ஒவ்வொரு இடுக்கிலும் தடுக்கும். தள்ளிக்கொண்டு போகும்போது உடம்பெல்லாம் அதிரும், தசை இறுக்கம் உள்ளவருக்கு அந்த அதிர்விலேயே கால் துள்ளிக் கால்தாங்கியை விட்டு இறங்கிவிடும்.

பேவர் பிளாக்கில் விளிம்பு செதுக்காத கல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் 2 மி.மீ. செதுக்கல். இரண்டு கல்லிலும் பெரிய செதுக்கல் இருந்தால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு குட்டிப் பள்ளம். கல்லுக்குக் கல் இடைவெளி 2 முதல் 5 மி.மீ., மணல் நிரம்ப நிரம்ப.

போட்ட அன்றைக்கு எல்லாப் பேவரும் அழகு. அமுங்குவது பிறகுதான், காரணங்களும் சொல்லிவைத்தாற்போல ஒன்றே. அடித்தளத்தை 150 மி.மீ. அடுக்குகளாக இடித்து இறுக்காமல் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அதிர்த்திருப்பார்கள். மட்டம் சரிசெய்ய மணலைச் சில இடத்தில் 25, சில இடத்தில் 60 மி.மீ. போட்டிருப்பார்கள், தடித்த இடம் அமுங்கும். ஓரக் கட்டை பலமாக இருக்காது, கல் வெளியே நகரும், இணைப்பு விரியும். குழாய் போடத் தோண்டியவர்கள் மண்ணைத் தள்ளி மேலே கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் நீளமாக ஒரு வாய்க்கால் தெரியும்.

சரிசெய்வது கஷ்டமில்லை. அமுங்கிய இடத்தைவிட அரை மீட்டர் கூடுதலாகக் கல்லை எடுங்கள், மணலை வழித்துப் போட்டுவிடுங்கள், அடித்தளத்தை நிரப்பி இடியுங்கள், சுற்றிலும் ஒரே 25 அல்லது 30 மி.மீ. மணல், பழைய கல்லையே அடுக்குங்கள். அதிர்ப்பானால் இடிப்பதற்கு முன் பக்கத்துத் தரையைவிட 5 மி.மீ. மேலே நிற்கட்டும், இடித்தபின் இறங்கிவிடும். ஆள்துளை மூடியையும் வடிகால் கிராதியையும் ஒட்டிய கல் முடிவில் 3 மி.மீ. மேலே நின்றால் போதும். மூடியின் சட்டத்தைக் கான்கிரீட்டில் உட்காரவைத்திருப்பார்கள், கல் மணலில் உட்கார்ந்திருக்கும். இறங்குவது கல்தான், மூடி அல்ல.

8. முன்சக்கரம்

கிராதி என்றதும் நினைவு வந்தது, பலருக்கும் பிடிபடாத விஷயம். கிராதியின் இடுக்கு 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, நீளவாக்கு இடுக்காக இருந்தால் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும் என்பது விதி. சதுக்கத்தில் போகும் திசை என்று ஒன்று கிடையாதே.

கிராதிமேல் நின்று கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டு மறுபடி முன்னால் தள்ளும்போது கவனியுங்கள். காஸ்டர் தன் அச்சைச் சுற்றி அரைவட்டம் திரும்பும். திரும்பும் வழியில் ஒரு கணம் இடுக்குக்கு இணையாக நிற்கும். மெல்லிய காஸ்டரின் அகலம் 25 மி.மீ., இடுக்கு 20 என்றாலும் வளைந்த ரப்பர் ஆப்படித்ததுபோல உள்ளே இறங்கிச் சிக்கும். அப்புறம் முன்னால் தள்ளத் தள்ள இறுகுமே தவிர வெளியே வராது. ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே சதுக்கத்துக்குள் 6 முதல் 8 மி.மீ. இடுக்குள்ள கிராதி. இல்லையென்றால் மேலே ஒற்றைக் கோடாகத் திறக்கும் வடிகால், திறப்பு 10 மி.மீ. மரத்தைச் சுற்றிப் போடும் இரும்புக் கிராதியும் இதே கணக்கில்தான். அது நடைபாதைக்குள் வராமல் இருப்பது அதைவிட நல்லது, வேர் தூக்கிவிடும்.

9. வெண்கோல்

ரசமட்டம் சார், படியை எடுத்துவிடலாம் என்ற யோசனை சக்கர நாற்காலிக்கு அருமை. ஆனால் பார்வையற்றவருக்குச் சாலையின் விளிம்பு எங்கே என்று சொல்வது அந்த மட்ட வித்தியாசம்தான். கைத்தடிக்கும் காலுக்கும் நம்பகமாகத் தெரிய 60 மி.மீ. உயரம் வேண்டும். எல்லாவற்றையும் சமமாக்கினால் நடந்து வருபவர் தெரியாமலே வண்டிப் பாதைக்குள் போய்விடுவார்.

சமமான விளிம்பு நெடுக மொட்டுப் பதித்த தொடுதள ஓடு, குறைந்தது 600 மி.மீ. அகலம், தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும். சாம்பல் கிரானைட்டில் சாம்பல் ஓடு போட்டு "வடிவமைப்பு ஒத்துப்போகிறது" என்பார்கள், ஒத்துப்போகாமல் இருப்பதற்குத்தானே அந்த ஓடு.

படிகளை விட்டு வைப்பதாக இருந்தால் படியையும் சாய்தளத்தையும் பின்னிப் போடாதீர்கள். வான்கூவரின் ராப்சன் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் ஆர்தர் எரிக்சனும் நிலவெளிக் கலைஞர் கார்னீலியா ஓபர்லாண்டரும் படிக்கட்டின் ஊடே கோணல்மாணலாகச் சாய்தளம் ஓடும்படி செய்தார்கள். உலகமே படம் பிடித்துப் போற்றியது. கைப்பிடி இல்லை, சரிவு அதிகம், படி எங்கே முடிந்து சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்ற விமர்சனமும் கூடவே வந்தது.

10. முன்சக்கரம்

வெண்கோல் மேடம், உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. மொட்டு 5 மி.மீ. உயரம். விளிம்பு நெடுக இருக்கட்டும், சாலையைக் கடக்கும் இடத்தில் மொட்டு வரிசைகள் சக்கரம் போகும் திசைக்கு நேர்கோட்டில் அமையட்டும். அப்போது சக்கரம் இரண்டு வரிசைக்கு நடுவில் ஓரளவு ஓடும். மூலைவிட்டமாகப் பதித்தால் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும். சதுக்கத்தின் நடுவில் அலங்காரத்துக்காக மொட்டு ஓடு போடுவதை இருவரும் சேர்ந்தே எதிர்ப்போம் :)

11. வெண்கோல்

கண்டிப்பாக. தேவையில்லாத இடத்தில் போட்டால் எங்களுக்கும் அது பொய்ச் செய்திதான்.

12. வரைமேசை

நன்றி. தடுப்புத் தூண்களுக்கு எவ்வளவு இடைவெளி? இரு சக்கர வண்டிகளையும் நிறுத்த வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

13. ரசமட்டம்

தூணுக்குத் தூண் வெற்றிடம் குறைந்தது 915, நல்லது 1200. அதில் கார் நுழையாது. தூணின் மையத்திலிருந்து அடுத்த மையம் வரையான அளவைச் சொல்லி ஏமாறாதீர்கள். 1200 மையத்தில் 300 மி.மீ. தூண் போட்டால் மிச்சம் 900.

மோட்டார் சைக்கிளை நிறுத்துவது நடக்காது. அதன் கைப்பிடி அகலம் 700-லிருந்து 800 மி.மீ., நாற்காலியின் அகலம் 650-லிருந்து 700, தள்ளும் முழங்கைக்கு இன்னும் கொஞ்சம். நாற்காலி போகும் எந்த இடைவெளியிலும் மோட்டார் சைக்கிளும் போகும். இசட் வடிவக் கம்பி, சுழல் கதவு, குறுக்குச் சங்கிலி எல்லாம் நாற்காலியைத்தான் நிறுத்தும், மோட்டார் சைக்கிள்காரர் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார். அது கட்டடக் கலையில் தீர்கிற பிரச்சினை இல்லை, ஆள் போட்டுத் தீர்க்க வேண்டியது. மேலிடத்தில் இந்த அளவுகளையே எழுதிக் கொடுங்கள்.

14. முன்சக்கரம்

பெஞ்சுகள். வரிசையாகப் பெஞ்சு போட்டு, நாற்காலிக்கு இடம் எங்கே என்றால் "எதிரே நிறையத் திறந்தவெளி இருக்கிறதே" என்பார்கள். நண்பரோடு பேச நடைபாதையை மறித்துக்கொண்டா நிற்பது? பெஞ்சின் ஒரு பக்கத்தில் 900 × 1300 மி.மீ. மட்டமான கெட்டித் தரை விடுங்கள், தோளுக்குத் தோள் வரும்படி. மண்ணோ புல்லோ வேண்டாம். பெஞ்சின் உயரம் 430 முதல் 485, சாய்மானம் வேண்டும். ஒரு முனையில் கைத்தாங்கி வேண்டாம், நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு மாறுபவர் அந்தப் பக்கமாகத்தான் நகர்வார்.

மேசை என்றால் அடியில் முழங்காலுக்கு 685 உயரம், 480 ஆழம். நடுவில் ஒற்றைக் கால் உள்ள வட்டமேசையில் அந்தக் காலின் அடித்தட்டு கால்தாங்கியை முட்டும். கடை மாடத்தின் பலகை 915-க்கு மேல் போகாமல் ஒரு பகுதியாவது. பொத்தான், அட்டை தேய்க்கும் கருவி எல்லாம் 1220-க்குள். கழிப்பறையைப் பற்றி ஒரே வரி: அளவெல்லாம் சரியாகத்தான் கட்டுகிறார்கள், பிறகு துடைப்பமும் வாளியும் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

15. மேடைக்கட்டு

நிகழ்ச்சி நாளில் இதெல்லாம் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின் கேபிள்களை மூடும் ரப்பர் பாலம் 50 முதல் 75 மி.மீ. உயரம் இருக்கும், சரிவு செங்குத்து. 50 மி.மீ.க்கு 1:12 என்றால் ஒவ்வொரு பக்கமும் 600 மி.மீ. வேண்டும். அப்படி நீட்டிய சரிவுத் துண்டுகள் தனியாகவே விற்கிறார்கள், பிரதான வழியில் அதைத்தான் போட வேண்டும். அதைவிட நல்லது, கட்டும்போதே தரைக்கடியில் 100 மி.மீ. வெற்றுக் குழாய் இரண்டு மேடையிலிருந்து ஒலிக் கட்டுப்பாட்டுப் பந்தல்வரை பதித்துவிடுவது. வரைபடத்தில் இப்போதே ஒரு கோடு போட்டால் முடிந்தது.

பார்வை மேடையும் அப்படித்தான். உட்கார்ந்திருப்பவரின் கண் சுமார் 1150 மி.மீ. உயரத்தில், நிற்பவரின் தோளே அதற்கு மேல். கூட்டத்தின் பின்னால் 300 மி.மீ. மேடை கட்டிப் பயனில்லை, 450-க்கு மேல் வேண்டும், அதற்குத் தனிச் சாய்தளம். கம்பித் தடுப்பின் மேல்கம்பி சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும், அதையும் பாருங்கள். முன்வரிசையில் ஓரமாக இடம் ஒதுக்குவது எளிது.

16. வரைமேசை

அருமை. கடைசியாக ஒன்று. ஒப்பந்ததாரர் வேலை முடித்து ஒப்படைக்கும் நாளில் கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

17. ரசமட்டம்

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 600 மி.மீ. ரசமட்டம், இரும்பு அளவுகோல், நாடா, மரத்துண்டுகள் மூன்று. துண்டுகளின் தடிமன் 12.5, 30, 50 மி.மீ. மட்டத்தின் தாழ்ந்த முனைக்கடியில் 12.5 துண்டு வைத்துக் குமிழி நடுவில் வந்தால் அது 1:48. 30 என்றால் 1:20. 50 என்றால் 1:12. துண்டு வைத்தபிறகும் அந்த முனை தாழ்ந்தே இருந்தால் தரை வரம்பைத் தாண்டிவிட்டது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சாய்தளத்தில் 600-க்கு 600 வைத்து அடிமுதல் முடிவரை போங்கள், நீளவாக்கிலும் குறுக்கிலும். திரும்பும் தளத்தில் நான்கு மூலையிலும்.

பிறகு தண்ணீர். வாளி வாளியாக ஊற்றிக் கால் மணி கழித்துப் பாருங்கள். தேங்கிய இடத்தில் அளவுகோலை நிறுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நனையக் கூடாது. சாய்தளத்தின் அடியில் தேங்கினால் அங்கே பாசி பிடிக்கும், சேறு படியும், இறங்கி வரும் சக்கரம் வழுக்கும்.

கிராதிக்கு 13 மி.மீ. கம்பி. எங்கே உள்ளே இறங்குகிறதோ அந்தக் கிராதி திரும்பிப் போகட்டும்.

18. பேவர்காரன்

அண்ணே, 12 மி.மீ. முறுக்குக் கம்பியை வெட்டி எடுத்துப் போய்ச் சோதிக்கும் ஆட்கள் உண்டு. வரி எங்கே புடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் 13-க்கு மேல். தகராறுதான் வரும். 13 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான அடிப்பகுதி நல்லது, எவர்சில்வர் உருண்டை கிடைத்தால் அதைவிட நல்லது.